ரொம்பத் திருப்தி

எதிர்முனையில் ஏழாவது முறை மணி அடித்து ஓயும்வரை வெர்னா லாட்டினென் ரிசீவரைக் கீழே வைப்பதில்லை. நான்கு முறை அடித்தும் எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம் என்று அவளுக்குக் கொடுத்த தாளில் அச்சடித்திருக்கிறது. அதை எழுதியவர் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பது வெர்னாவின் கட்சி. "இங்க ஆளுங்க வெளியில விறகு அடுக்கிட்டிருப்பாங்க. கோடரியைக் கீழ வைக்கணும், பூட்ஸைக் கழட்டணும், நாயைத் தாண்டி வரணும். ஏழு ஆகாதா?" என்பாள்.

நின்றுகொண்டுதான் பேசுவாள். நாற்காலி இருக்கிறது, அதில் அவளுடைய கோட்டும் மதியச் சாப்பாட்டுப் பையும் உட்கார்ந்திருக்கும். காலணிகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறையோடு, தொலைபேசிக் கம்பி எட்டுகிற தூரம்வரை நடப்பாள். கம்பி இழுத்ததும் திரும்புவாள். வயது அறுபத்தொன்று. ஆறடிக்கு இரண்டே அங்குலம் குறைவு. எதிரில் ஆள் நிற்பதுபோலக் கையை வீசி, புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டிப் பேசுவாள். கன்னத்தில் எப்போதும் உப்புக் கரிக்கும் ஒரு கறுப்பு மிட்டாய் ஒதுங்கியிருக்கும். கணவன் வீட்டார் ஃபின்லாந்துக்காரர்கள். அவர்களிடமிருந்து தொற்றிய பழக்கம். "இந்தக் கண்ராவி பிடிச்சுப்போறதுக்குள்ள ரெண்டு பிள்ளை பெத்துட்டேன்" என்று, கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

கார்னெட் பே என்ற ஊரில், பெரிய ஏரியைப் பார்த்த கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் மாவட்டப் பொதுச் சுகாதார அலுவலகம் இருக்கிறது. அங்கே இரண்டு நர்ஸுகள் பகல் முழுக்க ஒரு தொலைபேசி எண்ணுக்குப் பதில் சொல்கிறார்கள். யாரும் கூப்பிடலாம், எதையும் கேட்கலாம். பிள்ளை தலையில் பேன், தொலைந்துபோன தடுப்பூசி அட்டை, நாய்க்கடி, கிணற்றுத் தண்ணீரில் முட்டை நாற்றம். அப்படிக் கூப்பிட்டவர்களில் சம்மதம் சொன்னவர்களுடைய பெயரும் எண்ணும் இரண்டு வாரம் கழித்து வெர்னாவின் மேசைக்கு வரும். அவள் அவர்களைக் கூப்பிட்டு, பதினான்கு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வாங்கிக் கட்டத்தில் நிரப்ப வேண்டும். ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தி இல்லை. ஐந்து என்றால் ரொம்பத் திருப்தி.

இந்த வேலைக்கு அவளைச் சேர்த்தது கிரஹாம் டிஸ்டேல். முப்பத்து நாலு வயது, சுத்தமான சட்டை, ஒருவரையும் நோகடிக்காத சுபாவம். டிசம்பரில் சுகாதார வாரியம் கூடப்போகிறது. நர்ஸுகளை வைத்துக்கொள்வதா, இல்லை 'தடுப்பூசிக்கு ஒன்றை அழுத்தவும்' என்று பேசுகிற பதிவுக் குரலை வாங்கி மாட்டிவிடுவதா என்று அங்கே முடிவாகும். "எனக்குத் தொண்ணூறு வேணும், வெர்னா. நூத்துக்குத் தொண்ணூறு பேர் திருப்தின்னு காட்டிட்டா நோரீன் மேல யாரும் கை வைக்க மாட்டாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

நோரீன் டெலுக்கா என்பவள் அந்த இரண்டு நர்ஸுகளில் மூத்தவள். பத்தொன்பது வருஷமாக அதே தொலைபேசி. குரலில் ஒரு சூடு உண்டு. பேன் விஷயமாகக் கூப்பிட்டவர்கள்கூட ரிசீவரை வைக்கும்போது தங்களுக்கு நல்லது ஏதோ நடந்துவிட்டதுபோல் உணர்வார்கள். வெர்னாவின் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே நீளமான ஒரு நடைபாதை.

வெர்னாவுக்குக் காதுதான் கண். எதிர்முனையில் பேசுகிறவரின் வீடு அவளுக்கு முழுசாகக் கேட்டுவிடும். பின்னால் ஓடுவது சலவை இயந்திரமா, பாத்திரம் கழுவும் இயந்திரமா. குரைப்பது காவல் நாயா, சும்மா சத்தம் போடுகிற நாயா. மாடியில் நடப்பது கணவனா, பிள்ளையா. "உங்க ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடல போல இருக்கே" என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அந்தப் பெண்மணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, பயந்த குரலில், "நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?" என்று கேட்டாளாம்.

ஒவ்வோர் அழைப்பையும் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். தன் முழுப் பெயர், எங்கிருந்து, எதற்காக. பிறகு தாளில் இருப்பதைத் தன் பேச்சில் சொல்வாள்: "நீங்க என்ன சொன்னாலும் நர்ஸ் காதுக்குப் போகாது. உங்க பேரு என்னோட நின்னுடும். இது என் வாக்கு. அதனால மனசுல பட்டதைச் சொல்லுங்க."

மனசில் பட்டதைச் சொன்னவர்கள் குறைவு. வாக்கர் தெருவில் ஒரு கிழவி, கேள்வி முடியும் முன்பே, "நல்ல பொண்ணு அவ. அஞ்சு போடு" என்றாள்.

"அவங்க சொன்ன தகவல் உங்களுக்கு உபயோகமா இருந்துச்சா?"

"அவ அம்மா எங்களோட பௌலிங் ஆடினவ. அஞ்சு போடு."

"எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்துச்சு?"

"நான் எங்க காத்திருந்தேன்? காப்பி குடிச்சிட்டிருந்தேன். அதுக்கும் அஞ்சுதான்."

வெர்னா கட்டத்தை நிரப்பிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "இந்த ஊர்ல கால் முறிஞ்சு கிடந்தாலும் 'பரவால்ல, நல்லாத்தான் இருக்கேன்'னுதான் சொல்வாங்க. இவங்ககிட்டப் போய்த் திருப்தியான்னு கேக்கறோம்" என்று நோரீனிடம் காப்பி இடைவேளையில் புலம்புவாள். நோரீன் சிரிப்பாள். அவளுக்கு ஐந்துகள் பிடித்திருந்தன, யாருக்குத்தான் பிடிக்காது?

விதிவிலக்கு எல்வின் மாக்கி. அறுபத்தேழு வயது, காகித ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒண்ணு போடு. எல்லாத்துக்கும் ஒண்ணு. ஒண்ணுக்குக் கீழ இருந்தா அதைப் போடு."

"ஒண்ணுக்குக் கீழ கட்டம் இல்லையே, எல்வின்."

"அப்ப ஓரத்துல எழுது. இரு, நீ டாக்ஸி ஆபீஸ்ல இருந்தவதானே? என்னை ஒரு தடவை மழையில அரைமணி நேரம் நிக்க வச்சவ?"

"அது நான் இல்ல, அந்த டிரைவர். நர்ஸ் என்ன பண்ணாங்க உங்களை?"

அவர் கொட்டித் தீர்த்தார். செப்டம்பரில் காட்டுக்குள் இருக்கும் தன் குடிலில் தூங்கி எழுந்தபோது தலைமாட்டில் ஒரு வௌவால். காப்பி டப்பாவைக் கவிழ்த்து அதைப் பிடித்துவிட்டார். கூரையில் ஓட்டையை எப்படி அடைப்பது என்று கேட்கத்தான் சுகாதார எண்ணைக் கூப்பிட்டார். நோரீன் கூரையை விட்டுவிட்டு வௌவாலைப் பிடித்துக்கொண்டாள். அதை வெளியே விடாதே, டப்பாவோடு கொண்டு வா, இன்றைக்கே ஊசி போட்டுக்கொள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் மறுபடி போட்டுக்கொள். ஒவ்வொரு முறையும் தொண்ணூறு கிலோமீட்டர். அதற்குள் மூஸ் மான் வேட்டைக்கான வாரம் போய்விட்டது. வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் அவர் பெயர் விழுந்ததே பதினோரு வருஷத்துக்குப் பிறகுதான்.

"வௌவாலைச் சோதிச்சாங்களா?" என்று கேட்டாள் வெர்னா.

"சோதிச்சாங்க. அதுக்கு வெறிநோய் இருந்துச்சாம்."

"எல்வின்!"

"வௌவாலுக்கு இருந்துச்சு, சரி. எனக்கு வந்துச்சா? வரலையே! அப்புறம் எதுக்கு நாலு ஊசி?"

வெர்னா பேசும் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சிரித்து முடித்தாள். பதினான்கு ஒன்றுகளையும் வரிசையாகப் போட்டாள். ஓரத்தில் எழுதச் சொன்னாரே, எழுதினாள்: 'உயிரோடு இருக்கிறார். கோபமாக இருக்கிறார்.'

அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் கிரஹாம் முதல்முறை அவள் அறைக்கு வந்தான். ஓரத்துக் குறிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, எல்லாப் படிவங்களின் கீழேயும் பென்சிலில் இரண்டு மூன்று வரி இருப்பதைப் பார்த்துவிட்டான். பதினான்கு கேள்வி முடிந்ததும் வெர்னா தானாக ஒரு பதினைந்தாவது கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்: "நர்ஸ் உங்களை என்ன செய்யச் சொன்னாங்க? எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்."

அது டாக்ஸி நாள் பழக்கம். இருபத்தேழு வருஷம் அவள் ரேடியோவில் கார்களை அனுப்பியவள். தொடக்க காலத்தில் ஒரு பனிக்காலக் காலையில், பிரசவ வலியில் இருந்த ஒருத்திக்கு வண்டி அனுப்பும்போது 'பைன் கிரசென்ட்' என்று தெருப் பெயரைச் சொன்னாள். டிரைவர் 'சரி' என்றுவிட்டு பைன் தெருவுக்குப் போய்விட்டான். குழந்தை வாசல் படிக்கட்டில் பிறந்தது. "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க. நான்தான் ஒரு வாரம் தூங்கல" என்பாள். அன்றிலிருந்து எந்த டிரைவரும் அவளிடம் 'சரி' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. முகவரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கிரஹாம் பொறுமையாகவே எடுத்துச் சொன்னான். "வெர்னா, அது படிவத்துல இல்ல. எல்லாரையும் ஒரே மாதிரி கேக்கணும். நடுவுல நாமளா ஒண்ணைச் சேர்த்தா வாரியத்துல யாராவது ஒருத்தர் மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்லிடுவார். நோரீனுக்காகவாவது நிறுத்துங்க."

நியாயம்தான் என்று வெர்னாவுக்கும் பட்டது. நிறுத்தினாள். எட்டு நாள் பதினான்கோடு முடித்து, நன்றி சொல்லி, வைத்தாள். அந்த எட்டு நாளில் மிட்டாய் இரண்டு மடங்கு செலவாயிற்று.

ஒன்பதாம் நாள் ஒரு புதன்கிழமை. நவம்பர் தொடக்கம், ஏரியிலிருந்து பனித்தூறல் படுக்கைவசமாக அடித்துக்கொண்டிருந்தது. காலை பத்தரைக்கு டானிக்கா மொரெல் என்ற பெண்ணைக் கூப்பிட்டாள். படிவத்தின் தலைப்பில் 'கிணற்று நீர், நைட்ரேட்' என்று எழுதியிருந்தது. வயது இருபத்து மூன்று. ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில், பழைய பண்ணை வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மூக்கால் பேசுகிற மெல்லிய குரல். சொல்வதெல்லாம் அனுமதி கேட்பதுபோல் முடியும்.

"அஞ்சு. ...அதுக்கும் அஞ்சு. அவங்க ரொம்ப அன்பா பேசினாங்க. அஞ்சு."

பின்னால் ஒரு மூடி கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. முதல் கேள்வியிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. வெர்னா பதினான்காவது கட்டத்தையும் நிரப்பினாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். மூடி இன்னும் ஆடியது.

"அடுப்புல என்னம்மா அவ்வளவு நேரமா கொதிக்குது?"

"அதுவா? பாப்பாவுக்குத் தண்ணி. பால் பவுடர் கலக்க. நர்ஸ் சொன்னதுலேர்ந்து இப்படித்தான். இருபது நிமிஷம் நல்லாக் கொதிக்க விடறேன். முன்னாடியெல்லாம் அஞ்சு நிமிஷம்தான்."

வெர்னா நடையை நிறுத்தினாள். அவள் நர்ஸ் இல்லை. நைட்ரேட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அக்டோபரில் இதே தலைப்பில் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தாள். மூன்று பேரிடமும் பதினைந்தாவது கேள்வியைக் கேட்டிருந்தாள். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். கொதிக்க வைக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பச்சைக் குழந்தைக்குக் கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர்தான்.

"பாப்பாவுக்கு எத்தனை மாசம்?"

"ரெண்டு. பேர்ல்னு பேரு."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. கொஞ்சம் சோர்வாத் தூங்கறா. அழும்போது உதடு ஒரு மாதிரி... நீலமா ஆகுது. வீடு குளிருதுன்னு நெனச்சேன்? இங்க ஹீட்டர் சரியில்ல."

மருத்துவ ஆலோசனை எதுவும் சொல்லக்கூடாது என்பது தாளின் முதல் விதி. நர்ஸிடம் எதையும் கொண்டுபோவதில்லை என்பது அவள் கொடுத்த வாக்கு. வெர்னா இரண்டையும் ஒரு மூச்சில் நினைத்துப் பார்த்தாள்.

"டானிக்கா, நான் சொல்றதைக் கேளும்மா. நீ சொன்னது யார் காதுக்கும் போகாதுன்னு உனக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கிலேர்ந்து என்னை விடுவிக்கறியா? இப்பவே. நர்ஸைக் கூட்டிட்டு வரணும்."

"நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"நீ எதுவும் தப்பாப் பண்ணல. விடுவிக்கறேன்னு சொல்லு."

"விடுவிக்கறேன்."

"அந்த அடுப்பை அணை. போனை வைக்காதே. வீடு தீப்பிடிச்சாலும் வைக்காதே."

அழைப்பை இன்னோர் அறைக்கு மாற்ற ஒரு பொத்தான் உண்டு. மூன்றில் ஒரு முறை அது தொடர்பைத் துண்டித்துவிடும். வெர்னா அதை நம்பவில்லை. ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு, மெழுகு தேய்த்த நடைபாதையில் காலுறையோடு ஓடினாள். ஒரு திருப்பத்தில் வழுக்கிச் சுவரில் தோள் இடித்தது. நோரீன் வேறோர் அழைப்பில் இருந்தாள். வெர்னா அவள் மேசைமேல் எட்டி அந்த அழைப்பைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் நோரீனுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

"கிணத்துத் தண்ணி, ரெண்டு மாசக் குழந்தை, கொதிக்க வச்சுக் கொடுத்திட்டிருக்கா, உதடு நீலம். வா!"

நோரீன் ஓடிவந்து வெர்னாவின் ரிசீவரை எடுத்துப் பேசினாள். அதே சூடான குரல்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் டானிக்காவைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். பக்கத்து மேசைத் தொலைபேசியில் வெர்னா ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். எந்தச் சாலை, எந்தப் பாலம் தாண்டி, எந்த இடத்தில் தபால்பெட்டி சாய்ந்திருக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். "திருப்பிச் சொல்லுங்க" என்றாள் ஆம்புலன்ஸ்காரரிடமும்.

குழந்தை பிழைத்தது. தண்ணீரில் இருந்த நைட்ரேட் அதன் இரத்தத்தில் பிராணவாயு சேரவிடாமல் செய்திருந்தது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்து, பிராணவாயு வைத்து, மருந்து ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு வண்டி பாட்டில் தண்ணீரோடு.

புதன்கிழமை மாலை நோரீன் வெர்னாவின் அறைக்கு வந்தாள். நாற்காலியில் இருந்த கோட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய தன் அழைப்புக் குறிப்பைத் தேடி எடுத்திருந்தாள். அதில் அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'கொதிக்க வைத்துப் பயனில்லை என்று சொன்னேன்.'

"சொல்லியிருக்கேன், வெர்னா. சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருப்பே. பின்னால குழந்தை கத்திட்டிருந்திருக்கும். 'கொதிக்க' மட்டும் அவ காதுல விழுந்திருக்கும்."

"கேட்டிருக்கலாமே. புரியலைன்னா மறுபடி கேட்டிருக்கலாமே."

"நானும் கேட்டேன் அவளை. நீ அவ்வளவு அன்பாப் பேசினியாம். மறுபடி கேட்டு உன்னைச் சிரமப்படுத்த வெக்கமா இருந்துச்சாம்."

நோரீன் கோட்டின் பொத்தானைத் திருகினாள். "எனக்கு எத்தனை போட்டா?"

"அஞ்சு."

"எல்லாத்துக்குமா?"

"பதினாலுக்கும்."

மறுநாள் கிரஹாம் அந்தப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகம் சொன்னது. இதைக் கணக்கில் சேர்த்தால் இது ஒரு 'ரொம்பத் திருப்தி'. எடுத்துவிட்டால் எதையோ மறைத்ததாகிவிடும். "நூத்தி எண்பத்தெட்டு படிவம் இருக்கு. நூத்தி எழுபத்தொண்ணு முழு அஞ்சு. நம்ம கையில தொண்ணூறு இருக்கு, வெர்னா. இதை ஒரு விபத்துன்னு தனியா எழுதிடறேன்."

"மத்த நூத்தி எழுபதும் என்ன கேட்டாங்க, என்ன செஞ்சாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"பாதிப் பேரைத்தான் நான் கேட்டிருக்கேன். அதையும் அரைகுறையா எழுதி வச்சிருக்கேன். எல்லாரையும் மறுபடி கூப்பிடறேன். ஒரே கேள்வி. எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"பதில் மோசமா வந்தா? வாரியம் என்ன சொல்லும் தெரியுமா? நர்ஸ் சொன்னாலும் புரியல, அப்ப மெஷினே போதும்னு சொல்லும். வேலை போறது எனக்கில்ல. நோரீனுக்கு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நோரீன்தான் சொன்னாள்: "கேக்கட்டும், கிரஹாம்."

"நோரீன், யோசிச்சுச் சொல்லுங்க."

"நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். இன்னும் எத்தனை வீட்டுல மூடி ஆடிட்டிருக்குன்னு தெரியாம என்னால அந்தப் போனை எடுக்க முடியாது. கேக்கட்டும்."

மூன்று வாரம் ஆயிற்று. குரல் கம்மிப்போய், தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரோடு வெர்னா நூற்று எண்பத்தெட்டு எண்களையும் மறுபடி கூப்பிட்டாள். நூற்று ஐம்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள். அதில் நாற்பத்து மூன்று பேர் ஏதோ ஒன்றைத் தப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் சின்ன விஷயம். பேன் மருந்தை மறுவாரம் இன்னொரு முறை போட வேண்டும் என்பது விட்டுப்போயிருந்தது. ஆறு பேருடையது சின்ன விஷயம் அல்ல. வாக்கிலிருந்து விடுவிக்க அவர்களிடம் வெர்னா சம்மதம் வாங்கியதும், நோரீன் அன்றன்றே கூப்பிட்டுப் பேசினாள். வாக்கர் தெருக் கிழவிக்குத் தான் எதற்காகக் கூப்பிட்டோம் என்பதே மறந்துவிட்டிருந்தது. நர்ஸ் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல், நாள் கணக்கோடு, ஊசி போட்ட கை எது என்பதுவரை ஒப்பித்தவர் எல்வின் மாக்கி. ஒப்பித்து முடித்து, "ஆனா நான் போடறது இப்பவும் ஒண்ணுதான்" என்றார்.

வாரியம் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம் நூலகத்தின் கூட்ட அறையில் கூடியது. கிரஹாம் இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டான். போடமாட்டான் என்றுதான் வெர்னா பயந்திருந்தாள். 'ரொம்பத் திருப்தி' என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. சொன்னதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு எழுபத்திரண்டு.

இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நாலுல ஒருத்தருக்குத் தப்பாப் போயிருக்கு. நர்ஸுக்குப் பதிலா மெஷின் வச்சா, ஒரே விஷயத்தை எத்தனை தடவை வேணாலும் போட்டுக் கேட்டுக்கலாமே? தெளிவா, நிதானமா பேசும். குழந்தை அழுதா எரிச்சல்படாது."

கிரஹாம் குறிப்புகளைப் புரட்டினான். கடைசி வரிசையில் இருந்து வெர்னா எழுந்து நின்றாள். கூட்டத்துக்காகப் போட்டுக்கொண்டு வந்த காலணி விரலைக் கடித்தது.

"நான் நர்ஸ் இல்ல. இருபத்தேழு வருஷம் டாக்ஸி அனுப்பினவ. உங்களையும் அனுப்பியிருக்கேன், உங்க கல்யாணத்தன்னிக்கு." அறையில் லேசான சிரிப்பு. "ரேடியோவுல நான் முகவரி சொன்னா என் வேலை முடிஞ்சிடாது. டிரைவர் அதை எனக்குத் திருப்பிச் சொல்லணும். தப்பாச் சொன்னா நான் திருத்தணும். அப்பத்தான் முடியும். நோரீன் சொன்னா, நல்லாவே சொன்னா. யாரும் அவளுக்குத் திருப்பிச் சொல்லல, ஏன்னா நாம யாரும் அப்படி ஒரு வழக்கம் வைக்கல. இனிமே வைக்கலாம். மெஷின் ஆயிரம் தடவை சொல்லும், ஒத்துக்கறேன். அதுக்கு யார் திருப்பிச் சொல்றது? சொன்னாலும் அது கேக்குமா?"

உட்கார்ந்துவிட்டாள். காலணிகளைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளினாள். நோரீன் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எழுபத்திரண்டிலிருந்து அவள் கண் நகரவே இல்லை.

ஒரு மணி நேரம் பேசினார்கள். நர்ஸுகள் இன்னும் ஓர் ஆண்டுக்கு இருக்கட்டும் என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. ஒவ்வோர் அழைப்பும் முடியும்முன் கூப்பிட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெர்னாவின் பதினைந்தாவது கேள்வி இனிப் படிவத்திலேயே அச்சாகும். ஆண்டு முடிவில் மறுபடி பார்க்கலாம். நிம்மதி என்று சொல்ல முடியாது. இரண்டாவது நர்ஸ் வசந்தத்துக்குள் வேறு வேலை தேடிக்கொண்டாள். நோரீன் தங்கினாள். அவள் குரலில் பழைய சூடு இருக்கிறது, கூடவே புதிதாக ஒரு கறார். "புரிஞ்சுச்சான்னு நான் கேக்கல. என்ன புரிஞ்சுச்சுன்னு சொல்லுங்க" என்று அவள் சொல்வது நடைபாதைவரை கேட்கும்.

மார்ச்சில் ஒரு நாள் கீழ்த்தளத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம். வெர்னா தபால் எடுக்கப் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். வரவேற்பு மேசையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "ஆறு மாச ஊசி முடிஞ்சுது? அடுத்தது எப்ப வரணும்?" அனுமதி கேட்பதுபோல் முடிகிற குரல்.

முதுகு மட்டும்தான் தெரிந்தது. பெரிய நீலக் கோட்டு, அவிழ்ந்துகொண்டிருந்த பின்னல். தள்ளுவண்டியில், கம்பளித் தொப்பிக்குக் கீழே, கொழுகொழுவென்று சிவந்த இரண்டு கன்னங்கள்; ஊசி போட்ட கோபத்தில் அழுது ஓய்ந்த முகம்; உதடு பாகற்பழத்தின் உள்விதைபோல் சிவப்பு.

கணக்கெடுப்பில் பேசியவர்களை வெளியில் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அந்த விதியை யாரும் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. சின்ன ஊர், எந்த வீட்டில் பேன், எந்த வீட்டில் குடி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மளிகைக் கடையில் தக்காளி பொறுக்கும்போது அவர்கள் அவளை நிம்மதியாகத் தாண்டிப் போக வேண்டும்.

டானிக்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கனமான கதவு, ஏரிக்காற்று அதை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வெர்னா முந்திப் போய்க் கதவைத் திறந்து, முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள். பெயர் சொல்லாவிட்டாலும், ஒரு 'பார்த்துப் போம்மா' போதும், குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் டானிக்கா.

யாரோடும் பேசாமல் இருக்கத் தெரியாத வெர்னா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். முன்சக்கரம் வாசற்படி உறைபனியில் மாட்டியபோது ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டாள். போர்வையின் நுனி சக்கரத்தருகே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதை எடுத்து, குழந்தையின் காலைச் சுற்றி இறுக்கமாகச் செருகினாள்.